ஒன்பது மழை நாள்

அன்று மேனேஜர் அறையில் இருந்தவர்கள். மேனேஜர் வெங்கடேசன். டைம் கீப்பர் ராசேந்திரன். களத்தில் நெல் காயவைக்கும் செல்வி. யாரும் கூப்பிடாமலே வந்து நிலைப்படிக்கு வெளியே நின்ற பாக்கியம், அவளும் களத்து ஆள்தான். பாய்லர் பயர்மேன் காத்தமுத்து, அதாவது நான். ஐந்து பேர். மேசைமேல் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று ராசேந்திரனுடையது. ஒன்று என்னுடையது.

இதை எழுதச் சொன்னது இப்போது அந்தப் பாய்லரில் நிற்கிற தம்பி. போன் செய்தார்.

"அண்ணே, புதுச் சட்டம் வந்திருக்காம். நூத்தி எண்பது நாள் வேலை பாத்தாலே சம்பளத்தோட லீவாம். உங்க காலத்துல இருநூத்தி நாப்பதாமே. எப்படிண்ணே ஓட்டுனீங்க?"

போனில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன் என்றேன். ஐந்தாவது வரை படித்தவன். முப்பது வருடமாக நான் எழுதியது பாய்லர் லாக் ஒன்றுதான். இதுவும் அந்த மாதிரிதான் இருக்கும்.

மில் தஞ்சாவூருக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய் ஓரம். புழுங்கலரிசி மில். பெயர் வேண்டாம். முத்துப்பேட்டைக்காரர் ஒரு பாய் அங்கே ஹெட் பயர்மேன். இரண்டு வருடம் அவரிடம் உமி தள்ளினேன். பிறகு பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கினேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று.

"பாய்லர் கூடத்துல காக்கா நுழைஞ்சாலும் எழுதிடு காத்தமுத்து. நாளைக்கு வெடிச்சுப் போனா, கேக்கறதுக்கு நீ இருக்க மாட்டே. நோட்டு இருக்கும்."

நோட்டும் எரிந்து போகாதா என்று நான் கேட்கவில்லை. எழுதினேன். மணிக்கு ஒரு தரம் பிரஷர், தண்ணீர் மட்டம். அதோடு கண்ணில் படுவதெல்லாம்.

விடியும் நேரத்தில் அடுப்பு மூட்டுவேன். உமி எரிகிற சத்தம் மணல் சரிகிற மாதிரி இருக்கும். கேஜ் முள் மெல்ல மெல்ல ஏறும். ஆவியைத் தொட்டிக்குத் திறந்துவிட்டால், ஊறிய நெல் வேகும். அந்த வாசனை கால்வாயைத் தாண்டி வயல்வரை போகும் என்பார்கள். வெந்த நெல்லைக் களத்தில் கொட்டியதும் தரை முழுக்கப் புகையும். பெண்கள் அதில் இறங்கிக் காலாலேயே வரி போட்டுத் துழாவுவார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பதினோரு பேர் மேகத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொருவருக்காகக் கால் முளைக்கும்.

வருடக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அடுத்த வருட விடுமுறை. தேசிய விடுமுறை நாலு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. அதில் பேச்சே கிடையாது. பண்டிகை விடுமுறை ஐந்து. பொங்கல், மாட்டுப் பொங்கல், ஆயுத பூசை, தீபாவளி என்று நாலு தானாக விழுந்துவிடும். ஐந்தாவதுக்குத்தான் அடிதடி. மூட்டை தூக்குகிறவர்கள் ஊர்த் தேர் என்பார்கள். களத்துப் பெண்கள் ஆடிப் பதினெட்டு என்பார்கள். ஒருவர் ரம்ஜான் என்பார், ஒருவர் கிறிஸ்துமஸ். மேனேஜர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கை தூக்கச் சொல்வார். ஒரு தடவை பாக்கியம் எழுந்து, "ஐப்பசி மழைக்கு ஒரு பண்டிகை வெச்சு லீவு விட்டுடுங்க சார், நாங்களும் வந்து வந்து திரும்பறது மிச்சம்" என்றாள்.

"எந்த சாமிக்கும்மா?"

"எந்த சாமியா இருந்தா என்ன சார், சம்பளம் குடுக்கற சாமியா இருந்தாச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் அதையும் எழுதிக்கொண்டார்.

விடுமுறை அன்று பாய்லருக்குக் காவலாக ஒரு ஆள் வேண்டும். நான் வருவேன். அதற்குப் பதிலாக இன்னொரு நாள் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளலாம். சட்டம் அது. எடுத்துக்கொள்வேன். ஆனால் அந்த நாட்கள் எனக்குப் பிடித்தவை. பெல்ட் ஓடாது. சல்லடை ஆடாது. பாய்லர் ஆறும்போது உள்ளே எங்கோ டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். கால்வாய்த் தண்ணீர் மதகில் விழுகிற சத்தம் கேட்கும். வேலை நாளில் அது கேட்டதே இல்லை. காலியான களத்தில் புறாக்கள் நடக்கும். கண் திறந்திருக்கும்போதே தூங்குகிற மாதிரி இருக்கும். அதை மட்டும் நான் லாக்கில் எழுதியதில்லை.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்காரர். ஒல்லி. சத்தம் போட மாட்டார். நோட்டைத் திறக்கும் முன் எழுந்து போய் ஃபேனை நிறுத்துவார், சித்திரை வெயிலிலும். தாள் பறக்கக் கூடாது. ஓர் அடி மரஸ்கேல் வைத்திருப்பார். அதைப் பெயருக்குக் கீழே வைத்து அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பார். நோட்டு திறந்திருக்கும்வரை டீ குடிக்க மாட்டார். சட்டப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தார், பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி.

அவர்தான் ஒரு நாள் எங்களை உட்காரவைத்து விளக்கினார். ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்திருந்தால், அடுத்த வருடம் சம்பளத்தோடு விடுப்பு. வேலை பார்த்த இருபது நாளுக்கு ஒரு நாள். கேட்டு மனு எழுதிப் பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும்.

"இருநூத்தி முப்பத்தொம்போதா இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லை" என்றார்.

ஐப்பசி பிறந்தால் களத்துக்குக் கஷ்டம். ஏழு மணிக்கு முதல் பஸ்ஸில் பெண்கள் இறங்குவார்கள். மழை பெய்துகொண்டிருக்கும். களம் முழுக்கத் தண்ணீர். நெல் படுதாவுக்கு அடியில் இருக்கும். மேஸ்திரி "இருங்க, விட்டுடும்" என்பார். விடாது. பத்து மணிக்கு "இன்னிக்கி வேலை இல்லை, போங்க" என்பார். ராசேந்திரன் வருகை குறிக்கிற மஸ்டர் நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். வேலை நடக்கவில்லை, வருகையும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார்.

ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அவர்கள் ஒண்டுகிற இடம் என் பாய்லர் கூடம். அது விதிப்படி தப்பு. பாய்லர் கூடத்தில் வெளியாள் கூடாது. வாசலில் போர்டே இருக்கிறது. நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்பவர்களைப் போர்டைக் காட்டி வெளியே அனுப்ப எனக்கு வரவில்லை. வந்து உமிக் குவியலில் சாய்ந்து உட்காருவார்கள். நான் அடுப்பைக் குறைத்து வைத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் பதினோரு சேலையிலிருந்தும் புகை எழும்பும். வெளியே மழைப் புகை, உள்ளே சேலைப் புகை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று முகம் தெரியாது. யாரும் அதிகம் பேச மாட்டார்கள். ஒருத்தி உட்கார்ந்தபடி தூங்குவாள். ஒருத்தி தலைமுடியை விரித்து அடுப்புப் பக்கம் காட்டுவாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழும். மணி எட்டா ஒன்பதா என்பது கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலைகள் ஒரே காலையாகத்தான் இப்போது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தலைகளை எண்ணி லாக்கில் எழுதுவேன். "மழை. ஆவி குறைப்பு. களத்து ஆள் 11 உள்ளே. 7 முதல் 10."

செல்வியும் பாக்கியமும் ஒரே ஊர், ஒரே தெரு. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. செல்வியின் ஆடு பாக்கியத்தின் அவரைக் கொடியைத் தின்ற விஷயம். ஒரே பஸ்ஸில் வருவார்கள். ஒருத்தி முன் வாசலில் ஏறினால் ஒருத்தி பின் வாசலில் ஏறுவாள். பஸ் வராத நாளில் இருவருமே வர மாட்டார்கள்.

அந்த வருடம் கார்த்திகையில் செல்வியின் புருஷன் பேராவூரணிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். தேங்காய் பறிக்கிறவர். இடுப்பு எலும்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தை மாதக் கடைசியில் தேதி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். பன்னிரண்டு நாள். அவளை விட்டால் அவருக்கு ஆள் இல்லை.

தை என்றால் சம்பா அறுவடை. மில்லில் மூச்சு விட நேரம் இருக்காது. அறுவடை முடியும்வரை சம்பளமில்லாத லீவு யாருக்கும் கிடையாது. தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். திரும்பச் சேர்ந்தால் புது ஆள். பதினாலு வருட சர்வீஸ் போய்விடும். சட்டப்படி வருகிற விடுப்பை மட்டும்தான் மேனேஜர் கொடுக்க முடியும். ஜனவரி பிறந்ததும் செல்வி மனு எழுதிக் கொடுத்தாள். அதே வாரம் பாக்கியமும் கொடுத்தாள். மகன் சிங்கப்பூரில் இருந்தான். மூன்று வருடம் கழித்து இரண்டு வாரத்துக்கு வருகிறான்.

இரண்டு மனுவும் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. இருவருக்கும் ஒரே கணக்கு. வருகை இருநூற்று முப்பத்தொன்று.

சாப்பாட்டு நேரத்தில் செல்வி வெந்நீருக்கு வந்தாள். தூக்குவாளியை நீட்டினாள்.

"ஒம்போது நாள் கொறையுதாம்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். பின்னாலேயே பாக்கியம் வந்தாள். செல்வியைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"எனக்கும் அதே ஒம்போதுதாண்ணே. கொறையறதுலகூட எங்கூடப் போட்டி, பாருங்க."

செல்வி தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயந்தரம் லாக்கை எடுத்து ஐப்பசியிலிருந்து புரட்டினேன். மழையால் களம் மூடிய நாட்களை எண்ணினேன். ஒன்பது. இரண்டு முறை எண்ணினேன். ஒன்பதுதான்.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். வெளியாளைக் கூடத்தில் உட்காரவைத்தேன் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பாய்லர் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் சர்டிபிகேட்டுக்கு ஆபத்து. மறுநாள் காலை நோட்டோடு போனேன்.

மேனேஜர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். என் நோட்டை வாங்கினார். முதல் மழை நாளைப் படித்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பாய்லர் கூடத்துல வெளியாள் இருக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சும் எழுதியிருக்கீங்க."

"இருந்தாங்க. எழுதுனேன்."

"சரி. மொதல்ல இதை முடிச்சிடுவோம்."

ஒரு தாளை எடுத்தார். எனக்கு ஒரு மெமோ எழுதினார். எச்சரிக்கை. நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். கையெழுத்து வாங்கிக்கொண்டார். நகலை மடித்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் செல்வியைக் கூப்பிட்டனுப்பினார், மரஸ்கேலை எடுத்தார். பாக்கியம் தானாக வந்து வெளியே நின்றாள்.

சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து ராசேந்திரனுக்குப் படித்துக் காட்டினார். பிறகு எங்களுக்குச் சொன்னார்.

"வேலைக்கு வந்தவங்களை வேலை இல்லைன்னு நாம திருப்பி அனுப்புன நாள். அது அவங்க எடுத்த லீவு இல்லை. இருநூத்தி நாப்பதுக்கு அந்த நாள் சேரும். நாம சேக்காம விட்டது தப்பு."

ராசேந்திரன் தலை குனிந்தார்.

ஒவ்வொரு மழை நாளாகப் பார்த்தார். என் நோட்டில் ஸ்கேல், மஸ்டரில் விரல். களத்தில் மொத்தமே பதினோரு பேர். நோட்டில் 11 என்றிருந்தால் எல்லோரும் வந்திருக்கிறார்கள், பெயர் தேவையில்லை. ஒன்று, 11. இரண்டு, 11. எட்டுவரை 11. ஒன்பதாவதில் ஸ்கேல் நின்றது.

அதில் 10 என்று எழுதியிருந்தேன்.

முந்தின நாள் நான் நாட்களைத்தான் எண்ணினேன். தலைகளைப் பார்க்கவில்லை. என் தப்பு. பெயர் எழுதாததும் என் தப்பு.

"யாரோ ஒருத்தர் வரலை. யாரு காத்தமுத்து?"

"தெரியலைங்க."

அது நிஜம். அந்தப் புகையில் எனக்குத் தலைதான் தெரியும்.

"யாருன்னு தெரியாம இந்த நாளை நான் யாருக்கும் போட முடியாது."

செல்விக்கு இருநூற்று முப்பத்தொன்பது ஆகிறது. கணக்குத் தெரியாதவள் இல்லை. விரலைக்கூட மடக்கவில்லை. சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ராசேந்திரன் மெல்லச் சொன்னார். "சார், களத்துல கண்ணம்மான்னு ஒரு ஆளு, அதுக்கு இருநூத்தி அறுவது இருக்கு. ஒரு நாள் கொறைஞ்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணம்மா வரலைன்னு போட்டுட்டா இவங்க ரெண்டு பேருக்கும் சரியாப் போயிடும். யாருக்கும் நட்டமில்ல."

மேனேஜர் அவரைத் திட்டவில்லை. ஸ்கேலை எடுக்கவும் இல்லை. "பாத்தவங்க யாராச்சும் சொன்னாப் போடுறேன்" என்றார். என்னைப் பார்த்தார்.

"கண்ணம்மாவா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் சொன்னால் அவர் எழுதிவிடுவார், என் நோட்டை அவ்வளவு நம்பினார்.

"தெரியலைங்க" என்றேன்.

"செல்வி, நீங்க சொல்லுங்க. அன்னிக்கி யார் வரலை?"

"நான் வந்தேங்க."

"அதைக் கேக்கலை. வராதது யாரு?"

செல்வி வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. ஒரே பஸ்ஸில் வருகிறவள். முன் வாசலில் தான் ஏறியபோது பின் வாசல் காலியாக இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. ஃபேன் இல்லாத அறை. எல்லோருக்கும் வேர்த்தது. தூரத்தில் சல்லடை ஆடுகிற சத்தம் மட்டும் வந்தது. கனவில் யாரோ ஏதோ கேட்க, பதில் தெரிந்தும் வார்த்தை வராமல் நிற்போமே, அப்படி இருந்தது.

மேனேஜர் வெளியே பார்த்தார்.

"பாக்கியம், வாங்க உள்ளே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. கண்ணம்மா அன்னிக்கி வரலையா?"

பாக்கியம் நிலைப்படி தாண்டி உள்ளே வந்தாள். எப்போதும் கேட்பதற்கு முன்னால் பதில் சொல்கிறவள். அன்று நேரம் எடுத்துக்கொண்டாள். ஆமாம் என்றால் போதும். மகன் வரும்போது வீட்டில் இருக்கலாம். செல்வியும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கண்ணம்மாவுக்கு ஒன்றுமில்லை. மேனேஜர் காத்திருந்தார்.

"கண்ணம்மாவை ஏன் சார் இழுக்குறீங்க. அது காய்ச்சலோட வந்து ஒக்காந்திருந்துச்சுன்னு மறுநாள் பூரா அதே பேச்சு."

"அப்ப?"

"நான்தான் வரலை. கோடியக்கரையில சின்னம்மா பொண்ணுக்கு வளைகாப்பு. போயிட்டேன். மழைதானே, வேலை எங்க நடக்கப் போவுதுன்னு நெனச்சேன்."

செல்வி திரும்பி அவளைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஏன்டி சொன்னே?"

"நீ ஏன்டி சொல்லலை?"

"எம் புருசனுக்காக ஒன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"அதுக்கு? வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு நிப்பியா? அந்த மனுசன் அங்க இடுப்பு ஒடைஞ்சு கெடக்கான். ஆட்டைக் கட்டத் தெரியல, பேச வேண்டிய எடத்துல பேசத் தெரியல. என்ன பொம்பளையோ."

செல்விக்கு அழுகை வந்தது. பாக்கியத்துக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். செல்வியின் வரியில் ஒன்பது காலிக் கட்டங்களிலும் ஒவ்வொன்றாக எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். கூட்டினார். இருநூற்று நாற்பது. பிறகு ஒரு துண்டுத் தாளில் வகுத்தார்.

"மழை நாள் தகுதிக்குத்தான் சேரும், லீவுக் கணக்குல சேராது. வேலை பாத்தது இருநூத்தி முப்பத்தொண்ணு. இருபதால வகுத்தா பதினொண்ணரைக்கு மேல போவுது. அரைக்கு மேல போனா முழு நாள். பன்னெண்டு."

மனுவில் சிவப்பு மையை அடித்து, நீல மையில் "அனுமதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செல்வியிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வெளியே போகவில்லை. பாக்கியத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

பாக்கியத்தின் மனு மேசையிலேயே இருந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். ஸ்கேலைக் கீழே ஒரு வரி இறக்கினார். எட்டுக் கட்டங்களில் எழுதினார். ஒன்பதாவது கட்டத்தின் மேல் பேனா நின்றது. நிப்பில் மை உருண்டு விழப் பார்த்தது. ஒற்றுத்தாளை வைத்து எடுத்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை விரல் வைத்து எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணினார். அவர் எதையும் மூன்றாம் முறை எண்ணி நான் பார்த்ததில்லை.

கண்ணாடியைக் கழற்றினார். எண்ணைச் சொன்னார்.

இருநூற்று முப்பத்தொன்பது.